அடுத்த குழந்தைக்கு முன்னால் ஒரு ஆறு மாதம்

கேள்வி இது: கிராமத்தில் இருக்கும் தங்கைக்கு முதல் குழந்தை பிறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அந்தப் பேறுகாலத்தில் ரத்தம் குறைவு என்றார்கள். கடைசி மாதம் கால் வீங்கி பிரஷர் ஏறியது. குழந்தை 2.2 கிலோதான் இருந்தது. இப்போது வீட்டில், அடுத்ததையும் சீக்கிரம் பெற்றுக்கொண்டால் இரண்டும் சேர்ந்து வளர்ந்துவிடும் என்கிறார்கள். ஆஸ்பத்திரி தூரம். இப்போதே எதையாவது பார்த்துக்கொள்ள வேண்டுமா, நாள் தள்ளிப்போன பிறகு போனால் போதாதா?

இப்போதே பார்க்க வேண்டும். நாள் தள்ளிப்போன பிறகு போனால் சில விஷயங்களுக்கு நேரம் கடந்திருக்கும். கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் இருபது வருடத்துக்கு மேல் செவிலியராக வேலை பார்த்தவள் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். முடிந்தால் தங்கைக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் நாள் கணக்கு. கரு உருவான 28 நாளுக்குள், பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் மூடிவிடுகிறது. இதயம் அதற்கும் ஒரு வாரம் முன்பே துடிக்கத் தொடங்கிவிடும். மாதவிடாய் வரவில்லை என்று ஒரு பெண்ணுக்குத் தெரிவதே கரு உருவாகி இரண்டு வாரம் ஆனபிறகுதான். வேலை அலுப்பாக இருக்கும் என்று நினைத்து ஒரு வாரம் போகும். வீட்டில் சொல்ல ஒரு வாரம். அறுவடை முடியட்டும் என்று இன்னும் பத்து நாள். அவள் பெயரைப் பதிந்து முதல் மாத்திரையைக் கையில் வாங்கும்போது அந்தக் குழாய் மூடி எத்தனையோ நாள் ஆகியிருக்கும். சரியாக மூடாமல் போனால் அதற்குப் பிறகு தரும் எந்த மாத்திரையும் அதை மூடாது.

இதற்குத்தான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்கிறோம். இந்தச் சத்து கண்டுபிடிக்கப்பட்ட கதையும் ஏழைப் பெண்களிடமிருந்து தொடங்கியதுதான். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1920களின் கடைசியில் பம்பாய்க்கு வந்து, துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு வரும் ஒருவிதக் கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாவதை 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்ததுதான் ஃபோலேட் என்பது பிறகு தெரிந்தது. அதே சத்து, அந்தக் குழாய் சரியாக மூடாததால் வரும் தண்டுவடக் குறையையும் தடுக்குமா என்று 7 நாடுகளில் பெரிய ஆய்வு நடத்தி, 1991இல் முடிவை வெளியிட்டார்கள். ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு அந்தக் குறை இருந்த தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்தபோது, மறுபடி அது வருவது 72 சதவீதம் குறைந்தது. மறு வருடமே ஹங்கேரியில் நடந்த இன்னொரு ஆய்வு, முதல் தடவை வருவதையும் தடுக்கலாம் என்று காட்டியது.

அளவு பெரிதில்லை. தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்க ஒன்றிரண்டு மாதம் முன்பிருந்து, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் முடியும்வரை. முந்தின குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தாலோ, தாய்க்குச் சுகர் இருந்தாலோ, வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டாலோ இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தேவைப்படும். அதை மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து இடைவெளி. 2005இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, உயிருடன் பிறந்த குழந்தைக்குப் பிறகு குறைந்தது 24 மாதம் கழித்து அடுத்த கருவுக்கு முயல்வது நல்லது என்றது. 24 மாதத்தில் பிரசவம் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை, கரு தங்குவதற்கே 24 மாதம் ஆகட்டும் என்பதுதான் கணக்கு. இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் கிட்டத்தட்ட 33 மாதம் வரும். அதைவிட நெருக்கமாக வரும் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவமும், எடை குறைந்த குழந்தையும், தாய்க்கு ரத்தசோகையும் கூடுதலாகக் காணப்படுகின்றன. சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கர்ப்பப்பையில் போட்ட தையல் நன்றாக ஆற வேண்டும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவில் ஒன்றரை வருடம்கூட இல்லாமல் வலி எடுத்தால், அந்தத் தழும்பு பிரிந்துகொள்ளும் ஆபத்து கூடுகிறது.

உங்கள் தங்கை குழந்தைக்கு இப்போது 18 மாதம். 24 ஆக இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இதைத் தள்ளிப்போடுவதாக வீட்டில் நினைக்க வேண்டாம். அவளுக்கு இருக்கும் குறைகளைச் சரிசெய்யத் தேவைப்படும் காலமும் ஏறக்குறைய இதேதான். வயது முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அவர்கள் மருத்துவரிடம் பேசி இதைவிடக் குறைவான இடைவெளியை முடிவு செய்யலாம். கரு கலைந்தவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று அதே குழு அன்று சொன்னது. ஆனால் ஸ்காட்லாந்தில் பல்லாயிரம் பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2010இல் வந்த ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர்களுக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை. ரத்தம் தேறி, மனமும் தயாராகிவிட்டால் கரு கலைந்த பெண்ணைப் பயமுறுத்திக் காக்க வைக்கத் தேவையில்லை.

இனி ரத்தம். இதில்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் இதில்தான் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆன சமயம். ஒரு பெண் தன் குழந்தைக்குத் தடுப்பூசி போட மூன்றாவது தடவையாக வந்திருந்தாள். குழந்தையை எடை போட்டேன், கோடு மேலே ஏறிக்கொண்டே இருந்தது. நன்றாக வளர்க்கிறாய் என்று சொன்னேன். ஊசி போட்டு முடித்து அட்டையைக் கையில் கொடுக்கும்போது, அவள் குழந்தையை என் பக்கம் நீட்டிவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவள் முகத்தையே நான் பார்த்தேன். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. நகமும் அப்படித்தான், நடுவில் குழி விழுந்து கரண்டிபோல் வளைந்திருந்தது. ஹீமோகுளோபின் 6.4. கேட்டால், கொஞ்ச நாளாக மண் தின்ன ஆசையாக இருக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு இரண்டு மாதம் நாள் தள்ளிப்போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்கு முன் இரண்டு தடவை என் எதிரில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளே! நான் குழந்தையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து தடுப்பூசி நாளில் தாயின் இமையைப் பார்க்காமல் நான் யாரையும் அனுப்பியதில்லை.

கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8க்குக் கீழே என்றால் கடுமையானது. உலகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் மூன்று பேருக்கு இது இருக்கிறது. அதனாலேயே எல்லாருக்கும் இருப்பதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு கர்ப்பம் முழுக்க முடிய உடம்புக்குக் கிட்டத்தட்ட 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். பல பெண்களின் உடம்பில் சேமிப்பு என்று இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால் அதோடு 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. அப்புறம் மாதாமாதம் மாதவிடாய், போதாததற்கு வயல்வேலை. சேமிப்பு நிரம்புவதற்குள் அடுத்த கர்ப்பம் வந்தால், இல்லாத இடத்திலிருந்துதான் அந்த உடம்பு எடுத்துக் கொடுக்க வேண்டும். பிரசவத்தில் எல்லாருக்கும் ரத்தம் போகும். நல்ல ரத்தம் உள்ளவள் தாங்குகிற அளவை 7இல் இருப்பவள் தாங்கமாட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்றால் அந்த வித்தியாசம் உயிர் விஷயம்.

மாத்திரையைப் பற்றிச் சில வார்த்தை. கொடுக்கிறார்கள், வாங்கி வைக்கிறார்கள், பாதி பெட்டியில் கிடக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, அதனால் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பது இரும்பினால்தான், அதில் கெடுதல் எதுவும் இல்லை. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் ராத்திரி படுக்கும் முன் போட்டுப் பார்க்கலாம். லேசான சோகை உள்ளவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் உடம்பு நன்றாகவே ஏற்றுக்கொள்கிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. நிறுத்துவதற்கு முன் இதை நர்ஸிடம் கேட்டுப் பாருங்கள். டீ, காபி, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை இதெல்லாம் இரும்பு மாத்திரைக்குப் பக்கத்தில் வேண்டாம், ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி இருக்கட்டும். புளிப்பான பழமோ சாறோ கூட இருந்தால் நல்லது. ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டவுடன் நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும், அப்போதுதான் சேமிப்பு நிரம்பும். ரத்தம் தேற இரண்டு மூன்று மாதம், சேமிப்புக்கு மூன்று மாதம் என்று கூட்டினால் நான் சொன்ன ஆறு மாதம் வந்துவிடும்.

சோகை இல்லாத பெண்களுக்கும், சோகை பரவலாக உள்ள இடங்களில் வாரம் ஒரு மாத்திரை என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 60 மில்லிகிராம் இரும்பும் 2.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது அது.

இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் காரணத்தைத் தேட வேண்டும். செருப்பில்லாமல் ஈர மண்ணில் வேலை செய்பவர்களுக்குக் கொக்கிப்புழு பாதம் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரே ஒரு குடல்புழு மாத்திரை போதும், ஆனால் அதைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தரமாட்டோம். இப்போது போட்டுவிடுவதுதான் வசதி. மலேரியா உள்ள பகுதி என்றால் அதையும் பார்க்க வேண்டும். மாதவிடாயில் கட்டி கட்டியாகப் போகிறதா, துணி ஒரு மணி நேரத்தில் நனைந்துவிடுகிறதா என்று கேட்க வேண்டும். தலசீமியா, அரிவாள் அணு சோகை போன்ற ரத்த நோய்கள் பரம்பரையாக வருபவை. கணவன் மனைவி இருவரும் வெளியில் தெரியாமல் அதைச் சுமந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு நோய் முழுதாக வரும். மனைவிக்கு இருப்பது தெரிந்தால் கணவரும் அதே நாளில் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். இதைக் கர்ப்பத்துக்கு முன் தெரிந்துகொள்வதற்கும் ஐந்தாம் மாதத்தில் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வேதனை வித்தியாசத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தங்கைக்குக் கடைசி மாதம் பிரஷர் ஏறியது என்றீர்கள். பிரசவத்துக்குப் பிறகு யாராவது மறுபடி அளந்தார்களா? அநேகமாக இல்லை. குழந்தை பிறந்தால் அது தானாகப் போய்விடும் என்ற நம்பிக்கை இருக்கிறது. பெரும்பாலும் போகும், சிலருக்குத் தங்கிவிடும். தலைவலியும் இருக்காது, எதுவும் தெரியாது. இப்போது ஒரு தடவை அளந்துவிடுங்கள். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாது, முன்பே மாற்ற வேண்டும். சிறுநீரில் புரதம் போய்ப் பிரஷர் ஏறிய அந்த வகையாக இருந்திருந்தால், அடுத்த தடவையும் வர ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. குறைந்த அளவு ஆஸ்பிரினை மூன்றாம் நான்காம் மாதத்திலேயே தொடங்கினால் அந்த ஆபத்தைக் குறைக்க முடியும். ஆனால் அதற்கு, முந்தின தடவை இப்படி இருந்தது என்று முதல் நாளே யாராவது சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. அதனால் குழந்தை பெறுவதை நிறுத்திய பிறகும் வருடம் ஒருமுறை அளப்பது நல்லது.

கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்கும் இதே கதைதான். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி பரிசோதிக்க வேண்டும், அதற்குப் பிறகும் மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது. கட்டுப்படாத சுகரோடு கரு உருவானால் இதயக் குறையும் தண்டுவடக் குறையும் வரும் வாய்ப்பு பல மடங்கு ஏறுகிறது. அதுவும் அந்த முதல் சில வாரங்களில்தான் நடக்கிறது.

சரி, இந்த ஆறு மாதம் கரு தங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இதைப் பேசாமல் மேலே சொன்னதெல்லாம் வீண். தாய்ப்பால் கொடுக்கிறேன், அதனால் தங்காது என்று நம்பி வந்தவர்களை எண்ணி மாளாது. தாய்ப்பால் காப்பது உண்மைதான், ஆனால் மூன்றும் சேர்ந்தால் மட்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுத்திருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் நூற்றில் 98 பேருக்குக் கரு தங்காது. ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு போச்சு. முதல் மாதவிடாய் வரும் முன்பே கருமுட்டை வெளியாகிவிடும், ஆகவே மாதவிடாயே பார்க்காமல் அடுத்த கர்ப்பம் வந்தவர்கள் உண்டு.

ஆறு மாதம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஆணுறை சுலபம். கருத்தடை மாத்திரையும் நல்லதுதான், அது மாதவிடாய் ரத்தத்தைக் குறைப்பதால் சோகைக்கும் உதவும். ஆனால் இரண்டு ஹார்மோன் சேர்ந்த சாதாரண மாத்திரையை உங்கள் தங்கை பிரஷரை அளக்காமல் தொடங்கக் கூடாது. பிரஷர் கூடுதலாக இருப்பவர்களுக்கு அது ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி பாதுகாப்பானது, ஆனால் நிறுத்திய பிறகு கரு தங்க மாதங்கள் பிடிக்கும், கடைசி ஊசியிலிருந்து பத்து மாதம்கூட ஆகலாம். ஆறு மாதத்தில் குழந்தை வேண்டும் என்பவருக்கு அது பொருத்தமில்லை. கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி பல வருடம் தள்ளிப்போட நினைப்பவர்களுக்கு அருமையானது, எடுத்தவுடன் கரு தங்கும் வாய்ப்பு திரும்பிவிடும். சிலருக்கு மாதவிடாய் கூடுதலாகப் போகும் என்பதால் இரும்பு மாத்திரையைக் கூடவே பார்த்துக்கொள்ள வேண்டும். இனி குழந்தையே வேண்டாம் என்ற நிலை வரும்போது, ஆணுக்குச் செய்யும் அறுவை பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது, ஆபத்தும் குறைவு. அதைச் செய்துகொண்டவரால் உழைக்க முடியாது என்பதில் உண்மை இல்லை. மூன்று மாதம் கழித்துத்தான் முழுப் பாதுகாப்பு, அதுவரை ஆணுறை வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தொற்றுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941இல் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையோடு வந்த குழந்தைகள் திடீரென்று கூடியதைக் கவனித்தார். தாய்மார்களைக் கேட்டபோது பலருக்கும் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரூபெல்லா வந்திருந்தது. பெரியவர்களுக்கு லேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்து போகும் நோய், கருவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கும் என்று உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். தடுப்பூசி இருக்கிறது. ஆனால் அதைக் கர்ப்பத்தில் போடமாட்டார்கள், போட்டபின் ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே இதற்கும் இரண்டு கர்ப்பத்துக்கு நடுவில்தான் நேரம். சிபிலிஸ், எச்ஐவி, கல்லீரல் அழற்சி பி மூன்றும் உடலுறவு மூலமும் பரவக்கூடியவை, மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. சிபிலிஸ் பென்சிலினில் குணமாகிற நோய். கண்டுபிடிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம். பரிசோதனை என்றவுடன், என்னைச் சந்தேகப்படுகிறீர்களா என்று கோபப்படுவார்கள். எல்லாருக்கும் செய்கிறோம் என்று சொல்லிச் செய்வதுதான் வழி. கணவருக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மருந்து கொடுத்தும் திரும்ப வரும்.

எந்த மாத்திரை சாப்பிட்டாலும் சீட்டோடு காட்டுங்கள். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் கருவைக் கடுமையாகப் பாதிக்கும். ஆனால் பயந்து தானாக நிறுத்தினால் வலிப்பு வந்து தாயே ஆபத்தில் விழுவாள். மருத்துவர்தான் முன்கூட்டியே வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கரு தங்கியவுடன் அளவு கூடும். உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும். புகையிலை, புகைப்பதோ மெல்லுவதோ, இரண்டும் வேண்டாம். பூச்சிமருந்து அடிக்கும் வேலையிலிருந்து இப்போதே விலகிவிடட்டும். கணவர் அடித்துவிட்டு வந்த துணியை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம், முடிந்தால் அவரே துவைக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் அறிவுரை சொல்வார்கள். கீரை, பருப்பு, முட்டை, இறைச்சி என்று பட்டியல் சொல்வது சுலபம். நான் கேட்பது வேறு: வீட்டில் அவள் எத்தனாவதாகச் சாப்பிடுகிறாள்? எல்லாருக்கும் போட்டு மிச்சமிருப்பதை நின்றுகொண்டே தின்கிறவளிடம் சத்தாகச் சாப்பிடு என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள காம்பியா நாட்டுக் கிராமங்களில் பல ஆண்டுகளாக நடக்கும் ஆய்வுகளில், உணவு குறைந்து வேலை கூடும் மழைக்காலத்தைக் கடந்து பிறக்கும் குழந்தைகள் எடை குறைவாக இருப்பதைக் கண்டார்கள். கரு உருவாகும் நேரத்தில் தாய் என்ன சாப்பிட்டாள் என்பது குழந்தையின் மரபணுக்கள் இயங்கும் விதத்தில்கூடத் தடம் விட்டுப்போகிறது என்றும் 2014இல் காட்டினார்கள். உங்கள் தங்கையின் எடையைப் பாருங்கள். மேல் கையின் நடுச்சுற்று 23 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அவள் மெலிந்திருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு தையல் டேப் போதும் இதற்கு. முதல் குழந்தை 2.2 கிலோ என்பதால் இதை நான் அழுத்திச் சொல்கிறேன். எடை ஏற்றுவதற்குக் கர்ப்பம் வரும்வரை காத்திருந்தால் வாந்தியிலேயே மூன்று மாதம் போய்விடும்.

கேட்டால்தான் வெளியே வரும் விஷயங்கள் சில உண்டு. முதல் பிரசவத்துக்குப் பிறகு இருமினால் சிறுநீர் கசிகிறதா, கீழே ஏதோ இறங்கினமாதிரி கனமாக இருக்கிறதா, நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறதா, உறவின்போது வலிக்கிறதா? பல பெண்கள் அடி இறங்கினதை, அதாவது கர்ப்பப்பை கீழே சரிந்ததை, துணி வைத்துக் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் தண்ணீர்க் குடம் சுமக்கிறார்கள். ஆரம்பத்தில் வந்தால் சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியிலேயே நிறையப் பேருக்குக் குறைகிறது.

மனசும் அப்படித்தான். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா, அடிக்கடி மனம் சோர்ந்து போகிறதா என்று இரண்டே கேள்விதான் நான் கேட்பேன். வசதி குறைந்த நாடுகளில் பிரசவமான ஐந்து பெண்களில் ஒருவருக்கு இப்படி மனநலப் பிரச்சினை வருகிறது. சோம்பேறி, குழந்தையைக் கவனிக்கமாட்டாள் என்று வீட்டில் பெயர் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் உண்மையில் நோயாளிகள். இதற்கு மருந்தும் உண்டு, பேசித் தேற்றும் சிகிச்சையும் உண்டு. இன்னொன்றையும் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும்: வீட்டில் யாராவது அடிக்கிறார்களா? அக்காவாக நீங்கள் கேட்டால் என்னிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வாள்.

அடுத்த குழந்தை எப்போது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அவள் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே மாமியாரையும் கணவரையும் எதிரிகளாக நினைத்துப் பேச வேண்டாம். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில், கிராமப் பெண்கள் மாதம் ஒருமுறை கூடி, தங்களுக்குள்ளேயே பிரச்சினைகளைப் பேசி, என்ன செய்யலாம் என்று அவர்களே முடிவெடுக்கும் குழுக்களை நடத்திப் பார்த்தார்கள். நடத்தியது அந்த ஊர்ப் பெண்தான், மருத்துவர் இல்லை. 2004இல் வந்த முடிவின்படி, அந்தக் குழுக்கள் இருந்த இடங்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் 30 சதவீதம் குறைந்திருந்தன. நான் சொல்லிக் கேட்காத மாமியார்கள், பக்கத்து வீட்டு மருமகளுக்கு இடைவெளி விட்டதில் குழந்தை மூன்று கிலோ பிறந்ததைப் பார்த்து மனம் மாறியிருக்கிறார்கள். வீட்டில் பேசும்போது, வேண்டாம் என்று தொடங்காதீர்கள். போன தடவை 2.2 கிலோ, இந்தத் தடவை நல்ல எடையில் பிறக்கட்டும், அதற்கு ஆறு மாதம் கொடுங்கள் என்று தொடங்குங்கள்.

ஆஸ்பத்திரி தூரம் என்பதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. குழந்தையின் தடுப்பூசி அட்டையில் அடுத்த தேதி இருக்கும். அன்றைக்கு எப்படியும் போகப் போகிறாள், ஒரு நாள் கூலியும் எப்படியும் போகும். குழந்தைக்கு ஊசி போட்டு முடித்தவுடன் எழுந்து வந்துவிடாமல், எனக்கும் பிரஷர், எடை, ஹீமோகுளோபின் பாருங்கள், அடுத்த குழந்தைக்கு முன் ஃபோலிக் அமிலம் கொடுங்கள் என்று கேட்கட்டும். நர்ஸ் அவசரத்தில் இருப்பார், தயங்காமல் கேட்கட்டும். கணவரும் கூடப் போனால் குழந்தையை அவர் வைத்துக்கொள்வார், அவருக்கான ரத்தப் பரிசோதனையும் முடிந்துவிடும். அதற்கு முன் முதல் பிரசவத்தின் பழைய சீட்டைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிரஷர் எவ்வளவு ஏறியது, சிறுநீரில் புரதம் இருந்ததா, எத்தனை வாரத்தில் பிறந்தது, ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். கிடைத்தால் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, குழந்தையின் அட்டையோடு சேர்த்தே வைக்கட்டும்.